செவ்வாய்க்கிழமை செத்தவன்

இப்பத்தையச் சனத்துக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. செத்த பிள்ளையின் படத்தை மிளகாய்த்தூள் பக்கெற்றில் ஒட்டி, வீடு வீடாகக் கொண்டுதிரிந்து விற்கிற காலம் வந்துவிட்டது. முந்தி ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுப் பெண்கள் வருஷம் திரும்பும்வரைக்கும் படலை தாண்ட யோசிப்பார்கள். இப்போது என்னடாவென்றால், துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்கள், மேசை போடுகிறார்கள், கையில் ஒரு தகரப்பேணியையும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

பரமானந்தம் இதை நினைத்ததோடு விடவில்லை. வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வமலரின் காதில் விழும்படியாகவே சொன்னார். டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் அவருக்கு வாய்க்கு அடக்கம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மீன் பக்டறியில் பதினெட்டு வருஷம் குளிர்த் தண்ணீருக்குள் கை வைத்து, விரல்கள் மடங்காமல் பென்சன் வாங்கியவர். படித்தது நாலாம் வகுப்பு. டெனிஷில் "நன்றி"யும் "இல்லை"யும்தான் ஒழுங்காக வரும். அதிலும் "இல்லை"தான் கூடுதலாக வரும்.

"அங்கை ஊர்ச் சண்டையிலை சனம் கொத்துக் கொத்தாய்ச் செத்து முடிஞ்சு இன்னும் பத்து நாள் ஆகேல்லை" என்றார். "நீ இஞ்சை நல்லாயிருக்கிற பிள்ளையளின்ரை நெஞ்சைப் பாக்கிறதுக்குக் காசு சேர்க்கிறாய்."

செல்வமலர் சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள்; பேசுகிற கிழவர்கள் அவளுக்குப் புதிதில்லை.

"நல்லாயிருக்கேக்கை பாத்தால்தான் பரமண்ணை உண்டு. செத்த பிறகு பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"காசு சேர்க்கிற ஆக்களை நான் கனகாலமாய்க் கண்டிட்டன்."

"காசைத் தராதேங்கோ. தூளை மணந்து பாருங்கோ. உறைப்புக் காணாட்டில் பேசுங்கோ, கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

குசினிக்குள்ளிருந்து மங்கையற்கரசியின் சிரிப்புக் கேட்டது. பரமானந்தத்தின் ஒரே மகள். அவளுடைய வீட்டில்தான் மனைவி போனபிறகு அவர் இருக்கிறார். "வாங்கோ மலரக்கா. அப்பாவோடை வாசல்லை நிண்டு கதைச்சால் பொழுது பட்டிடும்."

செல்வமலர் பையை மேசையில் வைத்தாள். வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் வீட்டை நிறைத்தன. ஒவ்வொரு பக்கெற்றிலும் அவளுடைய மகன் கிருஷாந்த் காற்பந்துச் சட்டையோடு நின்றான். இரண்டு வருஷத்துக்கு முந்தி, பத்தொன்பது வயதில், விளையாட்டுத் தொடங்க முதலே மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவன் குப்புற விழுந்தான். அம்புலன்ஸ் வர எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு வார இறுதியும் குசினியில் தூள் வறுத்தாள். விற்ற காசில் இப்போது ஒரு டெனிஷ் டொக்டரையும் ஒரு தாதியையும் இதயம் பார்க்கிற மெஷினோடு ஒரு நாளைக்குக் கூட்டி வரப்போகிறாள். ஜூன் மாதத்து முதல் சனி, தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற ஹோலில்.

"முப்பது பேரைத்தான் அண்டைக்குப் பாக்கலாம்" என்றாள். "பேர் தந்திருக்கிறது நூறுக்கு மேலை. அதாலை குடும்பத்திலை ஆருக்கும் அப்பிடி நடந்திருந்தால் அந்தப் பிள்ளையள் முதல். டொக்டரே சொல்லிப்போட்டார். நிலானிக்கும் ஒரு போம் நிரப்பித் தா மங்கை."

நிலானி பேத்தி. பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. அவள் கதிரையில் காலை மடித்துப்போட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் இரண்டு தரம் விழுந்தவள். மார்ச் மாதம் ஒருநாள் காலை, அலாம் அடித்து எழும்பிய கையோடு கட்டிலடியில் விழுந்து கிடந்தாள். மற்றது மே மாதம். டென்மார்க்கில் மே மாதத்து முதல் புதன், பகல் பன்னிரண்டு மணிக்கு, வேலை செய்கிறதா என்று பார்க்க நாடு முழுக்கச் சைரன் ஊதுவார்கள். சைரன் ஊதியபோது பள்ளிக்கூட முற்றத்தில் நின்றவள், கையில் பாணோடு விழுந்தாள். அதற்கு முந்தின கிழமை முழுக்கக் கொப்பன்ஹேகனில் போராட்டம் என்று சோறு தண்ணியில்லாமல் பதாகை பிடித்து நின்றவள்தானே, களைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள்.

மங்கை போமை வாசித்து வாசித்து எழுதினாள். "மயங்கி விழுந்ததோ? ஓம், ரெண்டு தரம். குடும்பத்திலை நாப்பது வயசுக்குள்ளை ஆராவது திடீரெண்டு..." பேனையை நிறுத்தினாள். "எங்கடை டொக்டரும் போன கிழமை உதைத்தான் கேட்டவர். இல்லை எண்டு சொன்னனான். தண்ணியைக் குடி, நேரத்துக்குச் சாப்பிடு எண்டு அனுப்பிப்போட்டார். இவளின்ரை அப்பான்ரை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. எங்கடை பக்கத்திலை நித்திச் சித்தப்பாதான் இளவயசு, அவரை ஆமி சுட்டதெல்லோ. அப்பா, வேறை ஆரும் இருக்கினமோ?"

பரமானந்தம் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார்.

அந்த ஒரு சொல்லுத்தான் அவருக்குத் தடங்கலில்லாமல் வருகிற சொல்லு.

செல்வமலர் போமை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். போகும்போது கேளாமலே ஒரு பக்கெற் தூளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பொடியன் மேசையில் கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். பரமானந்தம் அதைக் கவிழ்த்து வைத்தார்.

* * *

நித்தியானந்தனை ஆமி சுடவில்லை.

குடும்பத்தில் அது தெரிந்த ஆள் பரமானந்தம் ஒருவர்தான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை, அவளும் அப்படியே நம்பிச் செத்துப்போனாள்.

நித்தி அவரிலும் பதினைந்து வயது இளையவன். அப்பன் இல்லாத வீட்டில் தோளில் வைத்துத் தூக்கி வளர்த்தது அவர்தான். எண்பத்தைந்தாம் ஆண்டு இரண்டு பேரும் வவுனியாவில் ஒரு அரிசி மில்லில் வேலை. மத்தியானம் சாப்பிட்டு மூட்டையில் சரிந்தால், இரண்டு மணிக்கு மில் சைரன் ஊதும். எழும்பி வேலைக்குப் போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை சைரன் ஊதியது. நித்தி திடுக்கிட்டு எழும்பி நின்றான். அண்ணனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவ்வளவுதான். தவிட்டுக்குள் முகம் புதைய விழுந்தவன் பிறகு எழும்பவில்லை. இருபத்தேழு வயது. ஒரு காய்ச்சல் தலையிடி என்று படுத்தறியாதவன்.

பாதை பூட்டு, ஊரடங்கு. உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. மில் முதலாளி ஆளைப் பிடித்து அலுவல் பார்க்க, அங்கேயே எரித்தார்கள். சனிக்கிழமைதான் பரமானந்தத்துக்கு ஒரு வாகனம் கிடைத்தது. மடியில் சாம்பல் முட்டி. வழியெல்லாம் அவர் தம்பியை நினைத்து அழவில்லை. தங்கச்சி தங்கமலரை நினைத்துப் பயந்துகொண்டு போனார். அதை இப்போது நினைத்தாலும் அவருக்குத் தன்மேல் அருவருப்பு வரும்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருஷம் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்த, நித்தி நின்ற நிலையில் மயங்கி விழுந்தான். ஐந்து நிமிஷத்தில் எழும்பிச் சிரித்தான். ஆனால் ஊர் கண்டுவிட்டது. "அந்தக் குடும்பத்திலை காக்கைவலிப்பு" என்று கதை போய், தங்கமலருக்குப் பேசி முடித்த கலியாணம் நின்றது. அடுத்த மாப்பிள்ளையைத் தேடி எடுக்கப் பரமானந்தம் தேயாத செருப்பில்லை. அந்தக் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை. இந்த நேரத்தில் அண்ணன்காரன் போய், 'என்ரை தம்பி சும்மா எழும்பி நிண்டு செத்துப்போனான்' என்று சொல்வதா? சொன்னால் அந்தப் பெட்டை வாழ்நாளுக்கும் வீட்டோடுதான்.

வாகனத்தில் வந்தவர்கள் ஒரு சந்தியில் வியாழக்கிழமை ஆமி சுட்டு ஐந்தாறு சனம் செத்ததைக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். படலையில் இறங்கியதும் தாய் ஓடி வந்தாள். பரமானந்தம் வாயைத் திறந்தார்.

"வியாழக்கிழமை ஆமி சுட்டுப்போட்டான் அம்மா."

அவ்வளவு லேசாக வந்தது. சனம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நாளில் அதைவிட நம்பக்கூடிய சாவு வேறு இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வந்து, "பாவப்பட்ட குடும்பம், நாங்கள் நாளைத் தள்ளமாட்டம்" என்றார்கள். தங்கமலர் கட்டி இப்போது கனடாவில் இருக்கிறாள்.

பொய்க்குக் கிழமை மாறியதால் திதியும் மாறியது. தாய் சாகும்வரைக்கும் வியாழக்கிழமைக்குரிய திதியில்தான் நித்திக்குத் திவசம் கொடுத்தாள். அவளுக்குப் பிறகு தங்கமலர் விரதம் பிடிக்கிறாள். இருபத்திநாலு வருஷமாக அவனுக்கு வைக்கிற சோறு, அவன் செத்து இரண்டு நாள் தள்ளித்தான் வைக்கப்படுகிறது. உரிய திதியன்று, பரமானந்தம் ஒருவருக்கும் சொல்லாமல், பக்டறிக் கன்ரீனில் தன் பாணில் ஒரு துண்டைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்களுக்குப் போடுவார். வேறு என்ன செய்யலாம்?

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எண்பத்தாறில் டென்மார்க்குக்கு வந்து இறங்கியபோது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அதிகாரி, இந்தப் பக்கம் ஒரு மொழிபெயர்ப்புக்காரன். ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். ஊரில் சொல்லிப் பழகிய கதை வாயில் தானாக வந்தது. தம்பியை ஆமி சுட்டது, அடுத்தது நான். மொழிபெயர்ப்புக்காரன் தலையாட்டினான். "இது காணும் அண்ணை. பயப்பிடாதேங்கோ, இது இந்த மேசையை விட்டு வெளியிலை போகாது." அதிகாரி மெஷினில் அடித்தான். பரமானந்தம் கீழே கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தில்தான் விசா, அந்த விசாவில்தான் மனைவியும் மங்கையும், பிறகு மங்கையின் மாப்பிள்ளையும் வந்தார்கள். மங்கையும் மருமகனும் டெனிஷ்காரர் ஆகிவிட்டார்கள். பரமானந்தம் சோதனை எழுத முடியாமல் இன்னும் அதே விசாவில்தான்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. தமிழ்க் கடையில் நின்றால் இதே கதைதான்: "இனி என்ன, பழைய பைலெல்லாம் தூசு தட்டி எடுக்கிறாங்களாம். பொய் சொன்னவனைக் குடும்பத்தோடை பிளேனிலை ஏத்துறாங்களாம்." யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யார் சொன்னது என்று தெரியாத கதையைத்தான் பரமானந்தம் நம்புவார். ஆள் தெரிந்த கதையென்றால், அந்த ஆளுக்கு அதில் என்ன லாபம் என்று யோசிப்பார்.

* * *

அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. நிலானியின் அலாம் மணிக்கூட்டுப் பட்டறி காணாமற்போனது. புதுசு போட்டால் அதுவும் காணாமற்போனது. வீட்டுப் போனின் மணி சத்தம் குறைந்து இருமல்போல வந்தது. விடியப் பாடசாலைக்கு எழுப்பப் பரமானந்தமே போனார். சத்தம் போடாமல், போர்வைக்கு மேலே பாதத்தை மெதுவாகப் பிடித்து ஆட்டுவார். ஒருநாள் அவரே அயர்ந்துவிட, பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டாள்.

"மோர்ஃபா!" என்று கத்தினாள். அவரைத் தாயின் தகப்பன் என்று டெனிஷில்தான் கூப்பிடுவாள். ஒரு கையில் பட்டறி மூடி கழன்ற மணிக்கூடு. அதற்கு மேலே சொன்ன டெனிஷ் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் விளங்கியது.

"என்ன சொல்லுறாள்?"

"உங்களுக்கு விசராம்" என்றாள் மங்கை. "எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. ஏன் அப்பா உந்த வேலை?"

சொல்லிவிடலாம் என்று அந்த நேரம் அவருக்கு நெஞ்சுக்குள் ஒன்று எழும்பியது. மங்கைக்குப் பின்னால் சுவரில் நித்தியின் படம் தொங்கிய இடம் வெறுமையாக, சதுரமாக வெளிறிக் கிடந்தது. சண்டையில் செத்தவர்களின் படங்களை ஹோலில் வைத்து அஞ்சலி செய்கிறோம் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தார் கேட்டிருந்தார்கள். மங்கை கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"அந்தச் சத்தம் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

"என்ன சத்தம்?"

"திடீரெண்டு வாற சத்தம். பிள்ளைக்குக் கூடாது."

"பேசாமல் படுத்து நித்திரை கொள்ளுங்கோ அப்பா."

வெள்ளிக்கிழமை முப்பது பேரின் பட்டியல் வந்தது. நிலானியின் பெயர் இல்லை. குடும்பத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியவர்கள் எல்லோரும் பிறகு பார்க்கலாம், அடுத்த வருஷம் காசு சேர்ந்தால். மங்கை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "உண்மையிலை வருத்தம் இருக்கிற பிள்ளையளுக்குப் போகட்டுமே" என்றாள்.

அன்று பின்னேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. வழக்கமாக ஊதுகிறதுதான். பரமானந்தம் கோப்பையை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். முழங்கால் அவரை ஓடவிடவில்லை. அறைக் கதவைத் திறந்தால், நிலானி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்து என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். நித்தியின் புருவம்.

பட்டறியைக் கழற்றலாம். எஸ்பியர்க்கில் கப்பலைக் கழற்ற முடியுமா?

* * *

சனிக்கிழமை காலை, மங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஹோலுக்குப் போகவேண்டும் என்று அவர் சொன்னபோது மகள் ஆச்சரியப்பட்டாள். "படத்துக்குப் பூ வைக்கவேணும்" என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது.

ஹோலின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புத்துணி. அதில் நூற்றுக்கணக்கில் படங்கள்; கிழவர், கைக்குழந்தைகள், கலியாணக் கோலத்தில் ஒரு சோடி. மற்றப் பக்கம் வெள்ளைத் திரை கட்டி, உள்ளே டொக்டரும் மெஷினும். திரைக்கு வெளியே பொடியளும் பெட்டையளும் வரிசையில் நின்று ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நடுவே மேசை போட்டுச் செல்வமலர் பட்டியலோடு இருந்தாள். பக்கத்தில் தூள் பக்கெற்றுகளும் தகரப்பேணியும்.

பரமானந்தம் முதலில் தம்பியிடம்தான் போனார். மூன்றாவது வரிசை. இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. வலப்பக்கம் ஒரு தாய். இரண்டு பேரும் போன மாதம் செத்தவர்கள். நடுவே நித்தி, சிரிப்பும் சுருட்டைத் தலையுமாக. கீழே மங்கை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள், எப்போது, யாரால் என்று. பரமானந்தத்துக்கு அந்தத் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேறு ஒருவரின் இடத்தில் தன் ஆளை இருத்திவிட்டதுபோல இருந்தது.

செல்வமலரை அவர் வாசலில் வைத்து என்ன சொன்னார்? செத்த பிள்ளையின் படத்தை ஒட்டி விற்கிறாய் என்றார். அவள் ஒட்டினாள், உண்மைதான். ஆனால் பிள்ளை எப்படிச் செத்தான் என்பதை மாற்றவில்லை. அவரோ தம்பியின் சாவை அவனிடமிருந்து பறித்து, முதலில் ஒரு கலியாணத்துக்கு விற்றார், பிறகு ஒரு விசாவுக்கு விற்றார். இப்போது பேத்தியையும் அதே விலைக்குக் கொடுக்கப் பார்க்கிறார்.

மேசையடிக்குப் போனார். "செல்வமலர், கொஞ்சம் இஞ்சாலை வா."

"ஆக்கள் நிக்கினம் பரமண்ணை. தூள் சரியில்லையோ?"

"தூளை விடு. நிலானியைப் பட்டியல்லை போடு."

"அதெப்பிடி? குடும்பத்திலை இருந்தால் போடலாம். நீங்கள்தானே இல்லை எண்டனீங்கள்."

"இருக்கு."

அவள் பேனையைக் கையில் எடுத்தாள்.

"எழுதாதை!" என்றார். பக்கத்தில் நின்ற பெட்டை ஒன்று திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினார். "சொல்லுறதைக் கேள். எழுதாதை. எனக்கொரு தம்பி. இருபத்தேழு வயசு. சைரன் சத்தத்துக்கு எழும்பி நிண்டவன் விழுந்து செத்துப்போனான். அதுக்கு முதலும் ஒருக்கா வெடிச் சத்தத்துக்கு விழுந்தவன். பிள்ளையும் அலாமுக்கும் சைரனுக்கும்தான் விழுந்தவள். சாப்பாடில்லாமல் இல்லை."

செல்வமலர் அவரையே பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிக் கறுப்புத்துணியைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு தம்பிதானே அண்ணை?"

"ஓம்."

"அந்தா தொங்குறாரே, அவர்தானே?"

"ஓம்."

அவளுடைய முகம் சிவந்துகொண்டு வந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் சத்தமே இல்லாமல் பேசினாள்.

"கிருஷாந்தும் ஒருக்கா விழுந்தவன். எங்கடை டொக்டரும் உந்தக் கேள்வியைத்தான் கேட்டவர். எனக்குத் தெரியாது, இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பிள்ளையை எரிச்சுப்போட்டு வந்து இருக்கேக்கை மாமி சொல்லுறா, தன்ரை தமையன் ஒருத்தர் பதினெட்டு வயசிலை அப்பிடித்தான் போனவராம். ஏன் மாமி முதல் சொல்லேல்லை எண்டு கேட்டன். மகனுக்குப் பொம்பிளை எடுக்கேலாமல் போகும் எண்டு மறைச்சவையாம்." மூச்சை விட்டாள். "அந்தக் கேள்வியைப் போமிலை எழுதினது நான்தான், டொக்டர் இல்லை. உங்களை மாதிரி ஆக்களுக்குத்தான் எழுதினனான். உங்கடை வீட்டிலை வைச்சே வாசிச்சுக் காட்டியும் இல்லை எண்டனீங்கள்."

மேசையில் கிடந்த பேப்பரின் மேல் பரமானந்தம் கையை வைத்தார்.

"எழுதித்தான் ஆகவேணும்" என்றாள். "எழுதாமல் டொக்டர் பாக்கமாட்டார்."

"எழுதினால் என்னை ஏத்தினாலும் பரவாயில்லை. மங்கையையும் ஏத்துவாங்கள். நான் எண்பத்தாறிலை வேறை மாதிரிச் சொல்லிக் கையெழுத்து வைச்சனான்."

அப்போதுதான் அவளுக்கு மற்றதும் விளங்கியது. பிறகு குனிந்து எழுதினாள். பரமானந்தத்துக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், இரண்டே வரி.

"தாயின்ரை சித்தப்பா, இருபத்தேழு வயசு, சத்தம் கேட்டு விழுந்து மரணம். பேரும் இல்லை, ஊரும் இல்லை. போதுமோ?"

அவள் எழும்பி, "நிலானி!" என்று கூப்பிட்டாள்.

* * *

மற்றப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். நிலானி வரவில்லை. மங்கையை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு செல்வமலரையும் கூப்பிட்டார்கள். பரமானந்தம் சுவரோடு போட்ட கதிரையில் இருந்து, வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிழல்கள் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்தார். ஒரு காகிதத்தை நீளமாகப் பிடித்து டொக்டர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவது தெரிந்தது.

முதலில் மங்கைதான் வந்தாள். நேரே அவரிடம் வந்து நின்றாள்.

"இதயம் அடிக்கிற கோட்டிலை ஒரு இடம் நீண்டு கிடக்காம். திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டாம், டொக்டரே எடுத்துக் கதைச்சிட்டார். அதுவரைக்கும் ஹென்ட்போல் விளையாட்டு இல்லை. அறையிலை அலாம் வைக்கக்கூடாதாம்." நிறுத்தினாள். "குளிசையோடை கன வருசம் இருக்கலாமாம். இப்ப கண்டுபிடிச்சது நல்லதாம்."

"ம்."

"சித்தப்பாவை ஆர் சுட்டது அப்பா?"

"ஒருத்தரும் சுடேல்லை."

"நான் அவரை நினைச்சு எத்தினை நாள் அழுதிருக்கிறன் தெரியுமோ? இந்தப் பிள்ளைக்கு எத்தினை தரம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறன்? அவள் பசியிருந்து பதாகை பிடிச்சது உந்தக் கதையிலைதானே தொடங்கினது."

"செத்தது உண்மைதானே மேனை."

"அதைச் சொல்லாதேங்கோ."

அவள் கறுப்புத்துணிக்குப் போய், நித்தியின் படத்தைக் கழற்றினாள். அந்த இடத்தில் ஊசி மட்டும் நின்றது. அந்தத் தாய்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விழுந்தது. படத்தைச் சால்வைக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எண்டைக்கு?" என்று கேட்டாள்.

"என்ன எண்டைக்கு?"

"செத்தது. உண்மையிலை எண்டைக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

மங்கை கண்ணை மூடினாள். திதி பிழைத்துப்போன இருபத்திநாலு வருஷமும் அவளுடைய முகத்தில் ஓடியது அவருக்குத் தெரிந்தது. திறந்தபோது அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"கனடாவிலை தங்கமலர் மாமிக்கு மூண்டு பொடியள் இருக்கினம் அப்பா. அவைக்கு ஆர் சொல்லுறது?"

அதை அவர் இவ்வளவு நாளும் நினைத்ததேயில்லை. தங்கச்சியைக் கரைசேர்த்த பொய் என்று ஒரு மூலையில் தனக்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். அந்த நியாயத்துக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கனடாவில் எங்கேயோ ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் எடுத்துச் சொல்லவேணும்" என்றார்.

"இண்டைக்கு."

"ஓம். இண்டைக்கு."

நிலானி திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது, விளையாட வேண்டாம் என்றதற்கு அழுதிருப்பாள். அவரைக் கண்டதும் பக்கத்தில் வந்து, தமிழில், கல்லுக் கல்லாக எடுத்து வைப்பதுபோலக் கேட்டாள்: "அதுக்குத்தான் பட்டறி எடுத்தனீங்களோ?"

அவர் தலையாட்டினார். அவருக்கு அவளுடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தாயும் மகளும் காரடிக்குப் போனார்கள். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டார்.

செல்வமலர் மேசைக்குத் திரும்பியிருந்தாள். அவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பேப்பர் இப்ப எங்கை?"

"டொக்டரிட்டை."

"பிறகு?"

"ஆஸ்பத்திரிக்குப் போகும்."

"பிறகு?"

"பிறகென்ன? அங்கைதான் கிடக்கும் பரமண்ணை. வருத்தத்தின்ரை பேப்பரை விசாக்காரர் பாக்கேலாது. சட்டம் இருக்கு. ஒருத்தரும் உங்களை ஏத்தமாட்டினம். சத்தியமாய்ச் சொல்லுறன்."

"எண்பத்தாறிலையும் ஒருத்தன் இப்பிடித்தான் சொன்னவன். மேசையை விட்டுப் போகாதெண்டு."

"போகேல்லைத்தானே?"

"போச்சுது. நான்தான் காவிக்கொண்டு திரிஞ்சனான்."

அவள் ஒரு தூள் பக்கெற்றை அவர் பக்கம் தள்ளினாள். அவர் சட்டைப்பையைத் தடவி, இருந்ததை எடுத்துத் தகரப்பேணிக்குள் போட்டார். இந்தச் சேகரிப்பில் நம்பிக்கை வந்து போட்டதில்லை. காசு சேர்க்கிற ஆட்களைப்பற்றி அவர் வைத்திருந்த எண்ணம் அப்படியேதான் இருந்தது. முப்பது பேரைப் பார்த்துவிட்டு எழுபது பேரை வீட்டுக்கு அனுப்புகிற தருமம் என்ன தருமம்? அந்த எழுபது வீட்டிலும் எத்தனை பேர் 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் தூள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெளியே எஸ்பியர்க் காற்று, வழக்கம்போல உப்போடும் மீன் மணத்தோடும், ஆளைத் தள்ளிக்கொண்டு வீசியது. பஸ் தரிப்பில் நிற்காமல் நடந்தார். பக்கெற்றைப் படம் உட்பக்கம் இருக்கும்படி கோட்டுப்பைக்குள் வைத்தார். கனடாவில் இப்போதுதான் விடிந்திருக்கும். தங்கமலர் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்திருப்பாள். வீட்டுப் போனின் சத்தத்தைக் குறைத்து வைத்தது அவர்தான். அவள் போனை எடுத்தால் என்ன சொல்லித் தொடங்குவது?

பின்னால் துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அவர் திடுக்கிட்டு நின்று, ஹோல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. சட்டம் இருக்காம், என்று வாய்க்குள் சொன்னார். யார் போட்ட சட்டம்? போட்டவனுக்கு அழிக்க எவ்வளவு நேரம் செல்லும்? தலையை ஆட்டிக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, மறுபடி நடந்தார்.